அம்மாக்கள் கழுவி வைத்த புட்டிகள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது மாத்திரைப் பேச்சுதான். போன வாரம்கூட நம்மில் ஒருத்தி, அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட வெள்ளை மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எது சர்க்கரைக்கு, எது ரத்தக்கொதிப்புக்கு என்று தெரியாமல் முழித்தாள். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை ஒன்பதாம் வகுப்பில், தலைபோகிற அவசரத்தில் படித்தவள் நான். அந்தக் கதையை இன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் அங்கே இங்கே சுற்றுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கேரளத்து மலையில், சின்னக்கானலுக்கு மேலே தேயிலைக்கு நடுவில் எங்கள் பள்ளிக்கூடம். தகரக் கூரை, காற்றடித்தால் சார் பேசுவது பின்பெஞ்சுக்குக் கேட்காது. தமிழ் வழிப் பள்ளி. முதலில் ஏழு வரைதான் இருந்தது. நாங்கள் வளர வளர எட்டு வந்தது, ஒன்பது வந்தது. பத்து மட்டும் வரவில்லை. பத்தாம் வகுப்பு வேண்டுமென்றால் மூணாறுக்குப் போக வேண்டும். பையன்களை யாராவது சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். பெண்பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

எங்கள் வீட்டில் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அவருக்குத் தேயிலை ஃபாக்டரியில் வேலை, பேச்சு எப்போதும் அளந்துதான் வரும்.

"இங்கனயே பத்து வந்தா படிக்கட்டும். வரலேன்னா சித்திரையில பேர் பதிஞ்சிரட்டும். அக்காகூடக் கொழுந்துக்குப் போகட்டும்."

பேர் பதிவது என்றால் எஸ்டேட்டில் தொழிலாளியாகப் பெயர் கொடுப்பது. அதில் கேவலம் ஒன்றுமில்லை. அம்மா கொழுந்து பறித்துத்தான் எங்களை வளர்த்தாள். ஆனால் எனக்குப் படிக்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் பெரிய காரணமெல்லாம் இல்லை. அடுத்த ஜூனில் பத்தாம் வகுப்பு தொடங்க அனுமதி கேட்டு ஹெட்மாஸ்டர் எழுதிப் போட்டிருந்தார். கல்வி ஆபீசர் நேரில் வந்து பார்ப்பார், கட்டடம், கக்கூஸ், குடிதண்ணீர், எல்லாவற்றுக்கும் மேலாக ஆய்வுக்கூடம் சரியாக இருந்தால் அனுமதி என்று பதில் வந்தது.

அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு சாமான் போட்டு வைத்த அறை. ஒரு நீள மேசை, ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியில் மூடி போட்ட புட்டிகள். எல்லாம் எங்கிருந்தோ தேயிலைப் பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்தவை. ஒவ்வொன்றிலும் கம்பெனிக்காரன் ஒட்டிய இங்கிலீஷ் லேபிள். எங்கள் மலையில் மழை பிடித்தால் விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே மழைக்காலத்தில் லேபிள்களில் பூசணம் பிடித்துப் பச்சையும் கறுப்புமாகப் படர்ந்துவிட்டது. பாதியைப் பூச்சி அரித்திருந்தது. ஆனாலும் கூர்ந்து பார்த்தால் பெயர் படிக்க முடியும்.

அதைக் கூர்ந்து படிக்கத் தெரிந்தவர் எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர்தான். பாலக்காட்டுக்காரர். கல்பாத்திப் பக்கம் தேர் ஓடும் தெருவில் வீடு என்று சொல்வார். லீவில் போன ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்தவர். தமிழ் தெரியும் என்பதால் எங்கள் தலையில் கட்டப்பட்டிருந்தார், அல்லது அவர் தலையில் நாங்கள் கட்டப்பட்டிருந்தோம். அவர் பேசும் தமிழைக் கேட்டு முதல் வாரம் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தண்ணீரை வெள்ளம் என்பார். பயத்தைப் பேடி என்பார். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அட்டைப் பூச்சியைக் கண்டால் பெஞ்சு மேல் ஏறிவிடுவார். குளிர் தாங்காமல் சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடம் நடத்துவார். பாடத்தில் மட்டும் விளையாட்டுக் கிடையாது.

"கண்டதை மாத்திரம் எழுதினாப் போறும். இருக்கும்னு தோணறதை எழுதப்படாது, கேட்டேளா?" என்பார். ஒரு சோதனையில் புகை வராமலேயே புகை வந்தது என்று எழுதிய பையனை அன்று முழுவதும் அந்தப் புகையைத் தேட வைத்தார்.

இனி எங்கள் அம்மாக்கள். எஸ்டேட்டில் வளராதவர்களுக்கு இது புரிய வேண்டும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்போம். அவ்வப்போது எஸ்டேட் துரையும் டாக்டரும் லயத்தைப் பார்வையிட வருவார்கள். முதல்நாளே லயம் முழுவதும் அல்லோலகல்லோலப்படும். சாணி மெழுகி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஏனங்களைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். துரை பாத்திரத்தைத்தான் பார்ப்பார், அதில் முகம் தெரிந்தால் தலையாட்டிவிட்டுப் போவார். ஆக, யாரோ பெரியவர் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் அம்மாக்களுக்கு ஒரே பொருள்தான்: தேய்க்க வேண்டும்.

ஆபீசர் வருகிறார் என்ற செய்தி லயத்துக்கு வந்ததும் அம்மா மற்ற பெண்களைக் கூட்டிப் பேசினாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பத்தாம் வகுப்பு வர வேண்டும் என்பதில் அப்பாவைவிட, ஏன், என்னைவிட அவள்தான் தவித்தாள். அதை என்னிடம் சொன்னதில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு இழுத்து அவள் நெற்றியில் விழுந்திருந்த தழும்பை எண்ணெய் வைத்துத் தடவும்போது என்னைப் பார்ப்பாள், அப்போது தெரியும்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மாவும், அவள் மதினியான என் அத்தையும், இன்னும் நாலைந்து பெண்களும் விளக்குமாறு, சாம்பல், தேங்காய் நார் சகிதம் பள்ளிக்குப் போனார்கள். வகுப்பறை கழுவவும் முற்றம் கூட்டவும் என்று ஹெட்மாஸ்டர் சாவிக்கொத்தைக் கொடுத்தார். ஆய்வுக்கூடத்தின் சாவியும் அதில்தான் இருந்தது. டீச்சர் அன்று காய்ச்சலோடு தன் அறையில் படுத்திருந்தார்.

சாயங்காலம் அம்மா கை விரலெல்லாம் வெளுத்துத் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"அலமாரிய இப்பப் போயிப் பாரு. ஒரே பூசணம்ட்டி. எல்லாத்தையும் உரிச்சுத் தேச்சு, கண்ணாடியா ஆக்கி வச்சிருக்கோம். ஆபீசரு அசந்து போயிருவாரு."

எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை. சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் டீச்சர் ஆய்வுக்கூடத்தைத் திறந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். காலை வெயில் நேராக அலமாரியில் விழுந்துகொண்டிருந்தது. புட்டிகள் ஒவ்வொன்றும் மினுங்கின. உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால் என்று அழகாக அடுக்கியிருந்தார்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை.

டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு ஒரு புட்டியை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒட்டிய இடத்தின் அடையாளம்கூட இல்லை, அப்படித் தேய்த்திருந்தார்கள்.

"ஆரு பண்ணினா?" என்றார்.

நான்தான் சொன்னேன். அம்மா பெயரையும் மறைக்கவில்லை. நிறமுள்ளவை பிழைத்தன. நீலமாக இருப்பது துரிசு, அது காப்பித் தோட்டத்தில் மருந்து அடிப்பதால் எங்களுக்கே தெரியும். மஞ்சள் கந்தகம். கருஊதாவாக இருப்பது கிணற்றில் போடும் பெர்மாங்கனேட். அமிலப் புட்டிகளை டீச்சர் தனியாக மணல் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார், அது எங்கள் அம்மாக்களின் நல்ல காலம். மீதி எல்லாம் வெள்ளை. வெள்ளைத் தூள், வெள்ளைப் பரல், வெள்ளைக் கட்டி. எது உப்பு, எது விஷம் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. புதிதாக வரவழைக்க நேரமும் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஆபீசர் வருகிறார்.

பத்தாம் வகுப்பு போயிற்று என்று நான் அழ ஆரம்பித்துவிட்டேன். போனதற்குக் காரணம் என் அம்மா என்பது அதைவிடப் பெரிய அழுகையாக வந்தது. டீச்சர் அதட்டினார்.

"கண்ணைத் துடை. அழுதா லேபிள் முளைச்சு வருமோ? பெயர் போயிருக்கு, அவ்வளவுதானே? குணம் உள்ளேயேதான் இருக்கு. நாம கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்."

பிறகு கதவைச் சாத்திவிட்டு எங்களிடம் சொன்னார்: "இது உங்க அம்மாக்களுக்குத் தெரியப்படாது. ஒருத்தரும் மூச்சு விடப்படாது. அவாளுக்கு வாரத்துல ஒரு நாள்தான் ஒழிவு. அதையும் நமக்குத் தந்திருக்கா. செஞ்சது தப்புன்னு கேட்டா, அப்பறம் இந்தப் பள்ளிக்கூடப் படி ஏற மாட்டா. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினோம்.

அன்று மாலையே டீச்சர் எங்கள் லயத்துக்கு வந்தார். அம்மா அவசரமாக முறத்தை ஒதுக்கிப் பலகை போட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பாலக்காட்டுப் பிராமணப் பெண் எங்கள் வீட்டில் குடிப்பாளோ மாட்டாளோ என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் ஊதி ஊதிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அத்தையும் வந்து கதவோரம் நின்றாள்.

"அலமாரி ரொம்ப நன்னாருக்கு," என்றார் டீச்சர். "ஒண்ணு கேக்கணும். புட்டியில இருந்ததை ஆராவது நாக்குல வெச்சுப் பாத்தேளா? ஆத்துக்கு எடுத்துண்டு வந்தேளா?"

அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எதையாச்சும் களவாண்டுட்டோம்னு கேக்கியளா டீச்சரம்மா? நாங்க கூலி வேல பாக்குறவகதான், இல்லேங்கல. அதுக்காக ஒரு பிடி உப்புக்குப் பள்ளிக்கூடத்துல கை வைக்கிற ஆளுக இல்ல."

"அய்யோ, அப்படியில்லை! தொண்டை புண்ணாயிடுமோன்னு ஒரு பேடி. அதாக்கும் கேட்டேன்." டீச்சரின் கண் நிறைந்துவிட்டது. ஏன் கேட்கிறார் என்பதைச் சொன்னால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். சொல்லாவிட்டால் திருட்டுப் பழி போட்டவர் ஆகிறார். அவர் சொல்லவில்லை.

அத்தைதான் இளகினாள். "நான் ஒண்ண மட்டும் நாக்குல வச்சுப் பாத்தேன் டீச்சரம்மா. உப்புதான். பக்கத்துல இன்னொண்ணும் அதே கணக்கா இருந்துச்சு. ரெண்டும் பாதி பாதியா அசிங்கமாக் கெடந்துச்சா, ஒண்ணாக் கொட்டி நெறச்சு வச்சிட்டோம். காலிப் புட்டியக் கழுவிக் கவுத்தியாச்சு."

சமையல்கட்டில் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தானே. அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் தினமும் காலையில் முதல் வேலையாக என்னிடம் கேட்பார்: "உன் அத்தைக்கு ஒண்ணுமில்லையே? சாப்பிடறாளோ? வயிறு சரியா இருக்கோ?" அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் பேரன் பேத்தி எடுத்து, தொண்ணூறை எட்டிப் பிடித்துவிட்டுத்தான் போனாள்.

ஆக எங்களுக்கு இரண்டு வேலை. எது என்ன என்று கண்டுபிடிப்பது ஒன்று. எது தனியாக இருக்கிறது, எதில் இன்னொன்று கலந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. பளபளவென்று இருப்பதால் ஒரு பொருள் தூய்மையாகிவிடாது என்று டீச்சர் கரும்பலகையில் எழுதியே போட்டார்.

பள்ளி விட்டபின் தங்கினோம். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஸ்பிரிட் கொடுத்தார். அதை ஊற்றி ஏற்றிய விளக்கைச் சுற்றிக் குளிருக்கு ஒண்டிக்கொண்டு, சோதனைக் குழாயைக் காகிதம் மடித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகச் சூடு காட்டினோம். பள்ளிவாசல் ஊர்ப் பவர்ஹவுஸிலிருந்து மின்சாரக் கம்பி எங்கள் தலைக்கு மேலேதான் போகும், பள்ளியில் மட்டும் மின்விளக்கு கிடையாது. அதனால் வெளிச்சம் மங்கும்வரைதான் வேலை.

ஒன்று சூடுபட்டதும் இளகி, நுரைத்து, பொரிந்து எழுந்து நின்றது. கரைசலில் நீல லிட்மஸ் சிவந்தது. படிகாரம். ஒன்று உருகியது, அதற்குமேல் கனலும் குச்சியைக் காட்டினால் பக்கென்று சுடர் பிடித்தது. வெடியுப்பு. இரண்டு புட்டிகள் எங்களைப் பாடாய்ப் படுத்தின. இரண்டிலும் அமிலத்தை விட்டால் புஸ்ஸென்று பொங்கியது. ஒன்று சலவை சோடா, ஒன்று ஆப்ப சோடா, அதுவரை சரி. எது எது? எங்களுக்குள் சண்டையே வந்தது. ஆப்ப சோடாவைச் சூடாக்கினாலே வாயு வரும், அது சுண்ணாம்புத் தண்ணீரைப் பாலாக்கும், சலவை சோடாவிலிருந்து நீராவிதான் வரும் என்றார் டீச்சர். ஒரு பையன் தன் அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை இலையோடு கொண்டுவந்தான். தெளியவைத்த தண்ணீர் எங்கள் கண்முன்னால் வெளுத்தபோது கத்தினோம் பாருங்கள், ஹெட்மாஸ்டர் ஓடிவந்துவிட்டார்.

இன்னொரு வெள்ளைப் பரல் குழாய்க்குள் படபடவென்று வெடித்தது. செங்கபிலப் புகை எழுந்தது. டீச்சர் சட்டென்று எங்களைப் பின்னால் தள்ளி ஜன்னலைத் திறந்தார். அடியில் மஞ்சளாக ஏதோ தங்கியது. காரீய நைட்ரேட். நல்ல விஷம். நாக்கில் வைத்தால் இனிக்குமாம். அத்தை உப்புப் புட்டிக்குப் பதிலாக அதைத் தொட்டிருந்தால், இன்னொரு விரல் அள்ளிப் பார்த்திருந்தால் என்று டீச்சர் யோசித்திருக்க வேண்டும். அன்று அதற்குமேல் வேலை செய்ய வேண்டாம் என்று எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கடைசியாக, அத்தை ஒன்றாகக் கொட்டி நிறைத்து வைத்த அந்தப் புட்டி. ஒரு சிட்டிகையைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனல் துவாரத்தில் பஞ்சு அடைத்துச் சூடாக்கினோம். வெள்ளைப் புகை எழுந்தது. ஆறியதும் பார்த்தால் புனலின் உள்சுவரில் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. கிண்ணத்தில் கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது சாப்பாட்டு உப்பு. மேலே ஏறியதைச் சுரண்டிச் சுண்ணாம்போடு சேர்த்துச் சூடாக்கினால் கண்ணில் நீர் வரவைக்கும் நெடி. நவச்சாரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் தேய்ப்பாரே அது. கூடிக் கிடந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ அழகானவற்றைப் பார்த்திருக்கிறேன், அந்தப் புனலுக்கு நிகராக அதிகம் இல்லை.

ஆனால் புட்டி முழுவதையும் அப்படிப் பிரிக்க நேரமில்லை. "உப்புன்னே எழுதிருவோம் டீச்சர், யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் என் பெஞ்சுக்காரி.

"நமக்குத் தெரியுமே," என்றார் டீச்சர். "கலவைன்னா கலவைன்னே எழுதணும்."

எழுதினோம். எல்லாப் பெயரையும் தமிழில், எங்கள் கையெழுத்தில். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துரிசு கலந்து ஒட்டி, ஈரம் ஏறாமல் இருக்க மேலே மெழுகுவத்தியைத் தேய்த்தோம்.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். மலையாளி, கழுத்தில் மஃப்ளர், கடுகடுப்பு. பள்ளிக்கு அடுத்த தேயிலைக் காட்டில்தான் அன்று கொழுந்து பறிப்பு. மத்தியான இடைவேளையில் அம்மாவும் அத்தையும் மற்றப் பெண்களும் கூடையோடு வந்து வேலிக்கு அப்பால் நின்றார்கள். காற்றில் விளக்கு அணையாதபடி ஆய்வுக்கூட ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், பேச்சுக் கேட்காது.

அவர் ஒரு புட்டியைத் திறந்து, லேபிளைக் கையால் மறைத்துக்கொண்டு, கொஞ்சம் காகிதத்தில் கொட்டி என்னிடம் நீட்டினார். என்ன இது? வாங்கும்போதே பாதியைக் கீழே சிந்திவிட்டேன். மீதியைச் சூடாக்கினேன். நுரைத்துப் பொரிந்து எழுந்தது. படிகாரம் என்றேன். கையை எடுத்துப் பார்த்தார், ஹெட்மாஸ்டர் தமிழைப் படித்துக் காட்டினார். அடுத்தவளுக்கு ஆப்ப சோடா. அதுவும் சரி. கலவைப் புட்டியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். புனலைக் கவிழ்த்துப் பிரித்துக் காட்டினோம். முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போகத் திரும்பியவர் நின்றார். ஒரு புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"கம்பெனி லேபல் எவிடெ? ஆரா இது களஞ்ஞது?"

கம்பெனி லேபிள் எங்கே, யார் எடுத்தது என்று கேட்கிறார். ஹெட்மாஸ்டர் தரையைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வேலிக்கு அப்பால் அம்மா கழுத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு.

டீச்சரும் அவளைப் பார்த்தார்.

"ஞானாணு சார்," என்றார். நான்தான் எடுத்தேன், பிள்ளைகள் தாமாகச் சோதித்துப் பெயர் கண்டுபிடிக்கட்டும் என்று எடுத்தேன் என்று மலையாளத்தில் சொன்னார். மூக்கை உறிஞ்சவில்லை. குரல் தெளிவாக இருந்தது.

ஆபீசர் பிடித்துக்கொண்டார். விஷப் பொருள் இருக்கும் இடத்தில் லேபிளை எடுப்பதா, பிள்ளைகளின் உயிரோடு விளையாட்டா, உன்னை யார் ஆசிரியை ஆக்கியது, இதை நான் எழுதாமல் விடமாட்டேன் என்று எங்கள் முன்னாலேயே கத்தினார். அவர் கோபம் நியாயமானது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பிற்காலத்தில் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன், லேபிள் இல்லாத ஒரு புட்டியைக் கண்டால் நானும் அப்படித்தான் கத்துவேன். அன்று எனக்கு வேறு அதிர்ச்சி. கண்டதை மட்டும் சொல்லு என்று உயிரை வாங்கியவர் இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று சில நாள் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு வயது, வேறென்ன சொல்ல.

பத்தாம் வகுப்புக்கு அனுமதி கிடைத்தது. பிள்ளைகளுக்கு விஷயம் தெரிகிறது என்று ஆபீசர் எழுதியிருந்தாராம். டீச்சரைப் பற்றியும் எழுதியிருந்தார். லீவில் போனவர் திரும்பி வராவிட்டாலும் அந்த மார்ச்சோடு டீச்சரின் வேலை முடிந்தது. ஒரு தகரப் பெட்டியும் அந்த ஆண்பிள்ளை ஸ்வெட்டருமாக, கொழுந்து லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனார். நாங்கள் கையசைத்தோம். லயத்திலிருந்து பெரியவர்கள் யாரும் வரவில்லை, களவாண்டதாகக் கேட்டவர் என்ற மனத்தாங்கல் அம்மாவுக்கு ஆறவில்லை. டீச்சர் போகும்போது என்னிடம் கேட்டது, "உன் அத்தை சௌக்கியமோ?" என்பதுதான். அவரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

ஜூனில் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்தேன். நான் பேர் பதியவில்லை. எனக்குப் பின்னால் எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாக அந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள். நான் சம்பாதித்த சம்பளம், கட்டிய வீடு, இப்போது உங்களோடு உட்கார்ந்து மாத்திரைப் பேச்சுப் பேசும் இந்த ஓய்வு, எல்லாம் அந்த வாரத்திலிருந்து வந்தவை. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? கண்டதை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு எங்கள் அம்மாக்களுக்காகக் காணாததைச் சொன்ன அந்தப் பெண்ணுக்கா? விரல் வெளுக்கத் தேய்த்த என் அம்மாவுக்கா? இருவருக்கும்தான். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். கண் மங்கிவிட்டது, ஞாபகம் மங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் கதை தயாராக இருக்கும். ஆபீசர் புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம், அதில் தன் முகம் தெரிகிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், அசந்துபோய் அங்கேயே பத்தாம் வகுப்புக்குக் கையெழுத்துப் போட்டாராம். ஒருநாள் கூந்தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். தானாகவே ஆரம்பித்தாள்.

"அந்தப் பாலக்காட்டு டீச்சரு கொணத்துல நல்ல பிள்ளதான்ட்டி. ஆனா சுத்தம் பத்தாது. நாங்க மட்டும் அன்னைக்குப் போயித் தேய்க்காம இருந்திருந்தா உன் படிப்பு என்ன ஆயிருக்கும்?"

"என்ன ஆயிருக்கும்? கொழுந்துக்குத்தான் போயிருப்பேன்," என்றேன். அவள் திருப்தியாகத் தலையாட்டினாள். நான் பின்னலை முடிந்துவிட்டேன்.